பிழை எண் 41

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் மகள் மிருதுளா இனி யூ.கே.ஜி. ஷூ ஒரு சைஸ் பெரிது. "அடுத்த வருசத்துக்கும் ஆகுமுங்க" என்று கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். முனையில் பஞ்சு அடைத்து அனுப்பினேன். அவள் அழவில்லை. நான்தான் கேட்டருகில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் தேதி குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு 'குட்டியானை பலூன் கடை' வெளியே வந்தாக வேண்டும். முப்பது கிளைகள் உள்ள ஒரு பள்ளி நிறுவனம் தன் மழலையர் வகுப்புகளுக்கு எங்கள் கேமைக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் பெங்களூர்க்காரர்களிடம் போய்விடுவார்கள் என்று சிவசண்முகம் சார் சொன்னார். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. குரலை உயர்த்தாமலேயே எல்லோரையும் ஓட வைக்கிற ஆள்.

கேம் முழுக்க என் யோசனை. நாளைக்கு வேறு யாராவது சொந்தம் கொண்டாடுவார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். ஒரு குட்டியானை பலூன் கடை வைத்திருக்கிறது. குழந்தை டேப்லெட்டின் மைக்கில் ஊத வேண்டும். ஊத ஊத பலூன் பெரிதாகும். குரங்கு சிவப்பு கேட்கும், கரடி நீலம் கேட்கும், விரலால் இழுத்துக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தோற்கவே முடியாது. ஐந்து விநாடி ஒன்றும் செய்யாமல் இருந்தால் யானை தும்பிக்கையை ஆட்டி "வா, வா" என்று கூப்பிடும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு தினுசான வாடிக்கையாளர். எழுத்தைப் படிக்காது, சொன்னதைக் கேட்காது, பிடிக்காவிட்டால் குற்றம்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விடும். இந்த வாடிக்கையாளருக்காக ஒன்பது வருடமாக உழைக்கிறேன். பொறுமை மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூன் 14, புதன்

வீட்டிலேயே எனக்கு ஒரு டெஸ்டர் உண்டு. சம்பளம் ஒரு தேங்காய் பன். சாயங்காலம் அரை மணி நேரம் மிருதுளா விளையாடுவாள். அவள் எப்போது தொட்டாள், எப்போது ஊதினாள் என்பதை டேப் விநாடிக் கணக்கில் எழுதிக்கொள்ளும். மறுநாள் ஆபீஸில் அந்த லாக்கைப் பார்ப்பேன்.

இன்றைய லாக்கில் ஓர் ஓட்டை. பலூன் ஊதும் இடத்தில் 11 விநாடி ஒன்றுமே இல்லை. தொடுதல் இல்லை, ஊதல் இல்லை. பிறகு எதுவும் நடக்காத மாதிரி தொடர்கிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று, 9 விநாடி.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "நேத்து கேம் நடுவுல நின்னுச்சா சாமி?"

"நிக்கல. குதிச்சுச்சு."

"எது குதிச்சுச்சு?"

"பலூன். சின்னதா இருந்துச்சு. அப்பறம் யானை கைய ஆட்டுச்சு."

இதற்குமேல் பன்னில் கவனம் போய்விட்டது. படம் நடுவில் எகிறிக் குதிக்கிறது என்கிறாள். நல்ல டெஸ்டர். கேம் உறைந்துபோய்ப் பிறகு ஓடுகிறது. நாளைக்குத் தாகிரிடம் சொல்ல வேண்டும். கேமுக்கு நிரல் எழுதுகிறவன் அபுதாகிர். இருபத்தாறு வயது, கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும்.

ஜூன் 15, வியாழன்

தாகிர் பிழைப் பட்டியலில் ஏற்றினான். எண் 41. 'ஊதும்போது கேம் உறைகிறது. முக்கியத்துவம்: நடுத்தரம்.' சின்ன வெங்காயம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 19, திங்கள்

பிழை பிடிபடவில்லை. ஆபீஸே ஊதிக்கொண்டிருக்கிறது. தாகிர் நாற்பது தடவை ஊதிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் சாய்ந்தான். கணக்கு பார்க்கும் விசாலம் அக்கா பொய்ப்பல் கழன்றுவிடும் என்று மறுத்துவிட்டார். கேம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மிருதுளாவிடம் மட்டும் நிற்கிறது. வெள்ளி ஆறு தடவை, சனி ஒன்பது, ஞாயிறு ஏழு. அவள் என்ன செய்கிறாளோ அதை இவர்கள் செய்யவில்லை. பெரியவர்கள் ஊதுவதும் குழந்தைகள் ஊதுவதும் ஒன்றா. குழந்தை விடாமல், மூச்சு வாங்க வாங்க, புஸ் புஸ்ஸென்று ஊதும். அப்படி ஊதச் சொன்னேன். அதற்கும் நிற்கவில்லை.

ஜூன் 23, வெள்ளி

பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. 'மிருதுளா வகுப்பில் பகல் கனவு காண்கிறாள். கவனிக்கவும். எஸ்தர்.'

ஐந்து வயதில் கனவு காணாமல் பின்னே எப்போது காண்பது. நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து, எட்டாம் வாய்ப்பாடு மாதிரி பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் யாருக்கும்தான் கண் சொருகும். கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டம் தாண்டிப் பெரிதாகப் போட்டேன். எஸ்தர் மிஸ்ஸுக்குப் புரிந்திருக்கும்.

ஜூன் 28, புதன்

ஒரே மாதிரி டேப் நான்கு வாங்கி, ஆபீஸில் குழந்தை உள்ளவர்களிடம் கொடுத்தனுப்பினோம். நாலு வீட்டிலும் ஐந்து நாள் விளையாடியிருக்கிறார்கள். ஒரு உறைவுகூட இல்லை.

"உங்க டேப்லதான் கோளாறுங்க்கா" என்றான் தாகிர். எனக்கும் அதுதான் தோன்றியது. அதில் ஒரு தடவை ரசம் கொட்டியிருக்கிறது. புது டேப்புக்குச் சொல்லியிருக்கிறேன். என் கணவர் லோகநாதன் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவு. வாரத்தில் மூன்று நாள் வெளியூர். "மோட்டார் ஓடலீன்னா மொதல்ல கரண்ட்டு வருதான்னு பாக்கோணும், மோட்டாரயே மாத்தக் கூடாது" என்று சிரித்தார். அவருக்கு உலகமே ஒரு மோட்டார்.

ஜூலை 3, திங்கள்

புது டேப் வந்தது. மிருதுளா உறையைக் கிழித்தாள். அரை மணி நேரத்தில் எட்டு.

அப்படியானால் டேப் இல்லை. நிரல்தான். ஒரு மாதம்தான் இருக்கிறது.

ஜூலை 6, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் தாகிர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினான். தொடுதல், ஊதல் தவிர, கேமில் உள்ள பொம்மைகள் எப்போது என்ன செய்தன என்று தனியாக ஒரு கோப்பு பதிவாகிறதாம். இத்தனை நாள் அதை நான் திறந்ததில்லை.

"இங்க பாருங்க்கா. பதினொரு விநாடி ஒண்ணுமில்லைங்கறீங்கல்ல. அஞ்சாவது விநாடில யானை தும்பிக்கைய ஆட்டியிருக்கு. பத்தாவதுல இன்னொருக்கா ஆட்டியிருக்கு. 'வா வா'ன்னு ரெண்டு வாட்டி கூப்புட்டிருக்கு. எல்லா எடத்துலயும் இப்படித்தான். கேம் நிக்கவே இல்லைங்க்கா."

"அப்ப மைக் வேலை செய்யல. தொடுதிரை வேலை செய்யல."

"ரெண்டு டேப்லயுமா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. கேம் ஓடியிருக்கு. பாப்பாவோட கைதான் நின்னிருக்கு. ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிப் பாத்தா..."

"உன் புரோகிராம்ல ஓட்டைய வெச்சுட்டு என் புள்ளைய டாக்டர்ட்ட காட்டச் சொல்றியா?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாகிர் முகம் கறுத்துப்போய் எழுந்து போனான். நான் நேரே சிவசண்முகம் சாரிடம் போய், இவனை வைத்துக்கொண்டு நாலாம் தேதிக்கு முடிக்க முடியாது என்றேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார். சாயங்காலத்துக்குள் தாகிரை எழுத்து விளையாட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

வேலையென்றால் இப்படித்தான். இதில் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. மூன்று டீ குடித்தும் தலைவலி போகவில்லை.

ஜூலை 10, திங்கள்

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்தேன்.

பள்ளி டைரியில் எஸ்தர் மிஸ்: 'தயவுசெய்து நேரில் வரவும்.' இந்த வாரம் முடியாது என்று எழுதி அனுப்பினேன்.

காலையில் மிருதுளா பால் டம்ளரைக் கீழே விட்டாள். எறியவில்லை, கால் தடுக்கவும் இல்லை. டம்ளர் கையில் இருப்பதையே மறந்து நின்றாள், அது தானாகச் சாய்ந்து கொட்டியது. கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். "உன்னாட்டமேதான் ரேணு, நெனப்பு வேற எங்கியோ" என்றார் என் கணவர். ஆமாம், என்னை மாதிரிதான். எங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான்.

ஜூலை 11, செவ்வாய்

இன்றைய லாக்கில் ஏழு. தாகிருக்குப் பதிலாக வந்திருக்கும் பையன் எதைக் கேட்டாலும் "பாத்தர்லாம்" என்கிறான்.

ஜூலை 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஆடி பிறக்கவே இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு கையில் அவள் பை, ஒரு கையில் என் பை, தோளில் லேப்டாப். பள்ளிக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது அவளை முன்னால் விட்டு, "ஓடு, ஓடு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தேன். கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

பாதி ரோட்டில் நின்றுவிட்டாள். தயங்கி நிற்கவில்லை, அப்படியே, எடுத்து வைத்த காலோடு. "மிரு" என்றேன். "மிரு, வா." இடது பக்கம் பால் வண்டி ஹாரன் அடித்தது. "மிருதுளா." அவள் திரும்பவில்லை. கண் திறந்துதான் இருந்தது, இமை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் அவளுக்கு ஒரு முழம் தள்ளி வண்டியைச் சாய்த்துத் திருப்பி, காலை ஊன்றி நின்றார். "புள்ளையப் புடிச்சுக் கூட்டீட்டு வரமாட்டீங்களா?" என்று கத்தினார்.

பைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அவளை அள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். வந்து, அடித்துவிட்டேன். கன்னத்தில். "எத்தன வாட்டி கூப்புடறது? வேணும்னே பண்றியா?" இதுவரை நான் அவளை அடித்ததில்லை. அவள் அழவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். யாரென்று தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி. பிறகு நான் பொறுக்கி வந்த பையை வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் போனாள்.

பயத்தில் அடித்தேன். அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள்.

ஜூலை 15, சனி

சாயங்காலம் அவள் விளையாடும்போது புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து வைத்து, அவள் முகமும் கையும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை. சரியாக வரவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். வீடியோ பளிச்சென்றுதான் வந்திருக்கிறது.

மிருதுளா ஊதுகிறாள். கன்னம் உப்ப, நெற்றி வியர்க்க, விடாமல் ஊதுகிறாள். நடுவில் நின்றுவிடுகிறது. உதடு குவிந்தபடியே, விரல் திரைக்கு ஒரு அங்குலம் மேலே அந்தரத்தில். இமை அடித்துக்கொள்கிறது. யானை தும்பிக்கையை ஆட்டுகிறது. "வா, வா." அவள் யானையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் பார்க்கவில்லை. மறுபடி யானை கூப்பிடுகிறது. பிறகு யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி விரல் கீழே இறங்குகிறது, பலூனைத் தொடுகிறது, சிரிக்கிறாள். பதினொரு விநாடி. நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

பதினான்கு தடவை பார்த்தேன். கேமில் பிழை இல்லை என்று இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஆறாம் தேதியே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் தாகிர்மேல் அப்படிப் பாய்ந்தேன்.

அவரிடம் காட்டினேன். "வேடிக்கை பாக்கறா, புள்ளைங்கன்னா அப்படித்தான்" என்றார். மறுபடி போட்டேன். "தூக்கக் கலக்கமா இருக்கும்" என்றார். மூன்றாவது தடவை போட்டபோது போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கம்பி போட்டுக் கட்டினார். படிக்கட்டில் குறுக்கே பலகை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுத்தியல் சத்தம்.

எனக்கு ஒரே பயமாக இருக்கிறது. மூளைக் கட்டி என்கிற வார்த்தை மனதில் வந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது.

ஜூலை 18, செவ்வாய்

எஸ்தர் மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததற்கு மாறாக, சின்னப் பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். மிருதுளா எந்த நாளில், எந்தப் பாட்டின் நடுவில், எத்தனை தடவை நின்றுபோனாள் என்று பென்சிலில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். விளையாட்டு வேளைக்குப் பிறகு கோடுகள் அதிகம்.

"இவ்ளோ பாத்திருக்கீங்க. பகல் கனவுன்னு ஏன் எழுதினீங்க?"

"வேற வார்த்தை எழுதப் பயமா இருந்துச்சுங்க மேடம். போன வருசம் ஒரு புள்ளைக்கு அப்படி எழுதினேன். அவங்க அம்மா வந்து, என் புள்ளைக்கு வலிப்புன்னு சொல்றியான்னு ஆபீஸ் ரூம்ல கத்திட்டுப் புள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்பறம் அந்தப் புள்ளைக்கு யாரு பாத்தாங்கன்னே தெரியாது."

நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். நன்றி மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து தாகிருக்குப் போன் செய்தேன். ஜூன் பதினாலிலிருந்து எல்லா லாக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தர முடியுமா என்றேன். என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை.

"சேத்து வெச்சிருக்கேங்க்கா. அன்னிக்கே சேத்துட்டேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

ஸ்டேஷனரிக் கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

ஜூலை 21, வெள்ளி

குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டர். அவினாசி ரோட்டில் இரண்டாவது மாடி. நாற்பது டோக்கன், எங்களுடையது முப்பத்திரண்டு. என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மிருதுளா வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் பிஸ்கெட்டில் பாதியை வாங்கித் தின்றுவிட்டாள்.

தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். "என்னைய ரோபோ ஆக்கறாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று அவர் சொன்னார்.

டாக்டர் அம்மா மேசை டிராயரிலிருந்து காகிதக் காத்தாடி ஒன்றை எடுத்தார். "பாப்பா, இத விடாம சுத்த வெக்கோணும். ஊது பாக்கலாம். நிறுத்தக் கூடாது."

ஊதினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஐந்து வாரமாக என் வீட்டுக் கூடத்தில் கேட்ட சத்தம். புஸ், புஸ், புஸ். என் கை என்னையறியாமல் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஆகாமலே போய்விடட்டும் என்று வேண்டினேன். நான்தான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கற்பனை செய்துவிட்டேன் என்று இந்த டாக்டர் திட்டி அனுப்பட்டும்.

ஒரு நிமிடம் பத்து விநாடி. காத்தாடி சுற்றி நின்றது. உதடு குவிந்தபடியே இருந்தது. திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிக் குதித்தன. டாக்டர், "மிருதுளா, யானை" என்று மெதுவாக ஒரு சொல் சொன்னார். கோடுகள் அடங்கின. அவள் மறுபடி ஊத ஆரம்பித்தாள்.

"பாப்பா, இப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஊதச் சொன்னீங்க."

அவள் வயர்களைக் கழற்றப் போனபோது டாக்டர் எங்களிடம் சொன்னார். வலிப்பில் இதுவும் ஒரு வகை. கை கால் இழுக்காது, கீழே விழமாட்டாள். சில விநாடி நினைவு அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கட்டி இல்லை. ஊதியதால் வந்ததும் இல்லை. இருந்ததை ஊதல் வெளியே காட்டும், அதற்காகத்தான் அவரும் ஊதச் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்திலேயே அடங்கிவிடும். ஆனால் தண்ணீர்ப் பக்கம், உயரமான இடம், ரோடு, இந்த மூன்றிலும் கையை விடக் கூடாது. ரோடு என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப இருந்து இருக்கு? ஒரு நாளைக்கு எத்தன தடவ? எல்லாரும் இதுக்குத்தான் முழிப்பாங்க. தோராயமா சொல்லுங்க போதும்."

பையிலிருந்து தாகிர் கொடுத்த தாள்களை எடுத்துக் கொடுத்தேன். ஜூன் பதினாலு முதல் நேற்றுவரை, தேதி, நேரம், எத்தனை விநாடி. மொத்தம் இருநூற்றுப் பதினேழு. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இருபது வருசத்துல ஒரு அம்மா, அப்பா இப்படிக் கொண்டாந்து நான் பாத்ததில்லைங்க. எவ்ளோ கவனமாப் பாத்திருக்கீங்க" என்றார்.

முதல் தாளின் தலைப்பு அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. பிழை எண் 41. முக்கியத்துவம்: நடுத்தரம். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஜூலை 22, சனி

மருந்து ஆரம்பித்தோம். காலை இரண்டரை மில்லி, மாலை இரண்டரை மில்லி. ஸ்ட்ராபெரி வாசனை. இன்று நின்றது ஆறு தடவை.

ஜூலை 24, திங்கள்

சிவசண்முகம் சாரிடம் தாகிர் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "தேதியைத் தள்ளிப் போடலாமாம்மா?" என்று கேட்டார். பதினொரு பேரின் பிழைப்பு இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

பிறகு எல்லோரும் இருக்கும்போதே, எல்லோர் முன்னாலும் கத்தியதால், தாகிரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிந்தான். "விடுங்க்கா. பாப்பா எப்படி இருக்கு?" என்றான். பட்டியலில் 41ஐ மூட வேண்டுமே, காரணம் என்ன போடட்டும் என்றான். நான் இதுவரை எத்தனையோ பிழைகளை மூடியிருக்கிறேன், ஒரு வரி எழுத இவ்வளவு நேரம் ஆனதில்லை. 'கேம் சரியாக இருந்தது' என்று எழுதினேன்.

ஜூலை 25, செவ்வாய்

நாலு.

ஜூலை 27, வியாழன்

ஒன்று. மிருதுளாவுக்கு லேசான வயிற்றுவலி, மருந்தினால் இருக்கலாம் என்றார் டாக்டர். சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும்.

ஜூலை 31, திங்கள்

மூன்று நாளாக ஒன்றுமில்லை. நம்பப் பயமாக இருக்கிறது. அவள் சாப்பிடும்போது, தலை பின்னும்போது, டி.வி. பார்க்கும்போது நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வெளியூரிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து, "கரண்ட்டு வருதா?" என்று கேட்கிறார். வருகிறது என்கிறேன். இரண்டு பேருமே சிரிப்பதில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலை பதினொரு மணிக்குக் 'குட்டியானை பலூன் கடை' வெளியானது. கீழே பேக்கரியிலிருந்து கேக் வந்தது. தாகிர்தான் பட்டனை அழுத்தினான், நான்தான் அவனை அழுத்தச் சொன்னேன். மதியத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள் ஊதிவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்.

மருந்து தொடங்கிப் பதினான்கு நாள். கடைசி ஏழு நாளில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் அம்மா சந்தோஷப்பட்டார், இரண்டு வருடம் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். சரி, கொடுப்போம்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. தாகிரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சாரிடம் சொல்லிவிட்டேன், எஸ்தர் மிஸ்ஸுக்கு ஒரு பெரிய கடிதமே எழுதிவிட்டேன். கேட்க வேண்டியவளிடம் மட்டும் கேட்கவில்லை. மருந்து, டாக்டர், வேலை என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். மிருதுளா தரையில் குப்புறப் படுத்துக் கரடிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாமி, அன்னிக்கு ரோட்டுல அம்மா உன்னைய அடிச்சேன்ல. அது தப்பு. அம்மாவ மன்னிச்சுக்க."

அவள் பென்சிலை நிறுத்தவில்லை. "ஏம்மா அடிச்ச?"

"நீ நடு ரோட்டுல நின்னுட்டியா, வண்டி வந்துச்சு. மூணு வாட்டி கூப்புட்டேன், நீ திரும்பல. பயந்துட்டேன்."

இப்போது தலை நிமிர்ந்தாள். "நீ கூப்புடவே இல்ல."

"கூப்புட்டேன் சாமி. உனக்குக் கேக்கல. அதுக்குத்தான இப்ப மருந்து குடிக்கற."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் சொல்வது பொய் இல்லை என்று எனக்குப் புரிவதற்கும் அவ்வளவு நேரம் ஆயிற்று.

"நான் ஓடிட்டு இருந்தேன்" என்றாள். "அப்பறம் நீ அடிச்ச. அவ்ளோதான் இருந்துச்சு."

நடுவில் ஒன்றுமே இல்லை அவளுக்கு. ஹாரன் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, நான் கூப்பிட்ட மூன்று தடவையும் இல்லை. அம்மா சொன்ன மாதிரி ஓடினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கை கன்னத்தில் விழுந்தது.

"அப்ப அம்மா எதுக்கு அடிச்சேன்னு நெனச்ச?"

"எதுக்கும் இல்ல. அம்மான்னா சும்மா கூட அடிப்பாங்கன்னு நெனச்சேன்." பென்சிலை மாற்றிக்கொண்டு கரடியின் காதுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம். அப்படி நினைத்துக்கொண்டேதான் தினமும் காலையில் அந்த ரோட்டு ஓரத்துக்கு வந்ததும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் பிடித்துக்கொள்வதற்காகக் கையை நீட்டியிருக்கிறாள்.